பதில் சொல்லக் கடமைப்பட்டவன்

தேர்வு என்ற ஒரே சொல்லைத் தமிழ் இரண்டு காரியங்களுக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எழுதுவதும் தேர்வு. பல வழிகள் முன்னால் நிற்கும்போது ஒன்றை எடுத்துக்கொள்வதும் தேர்வு. முதலாவதில் மற்றவர்கள் நம்மை எடைபோடுகிறார்கள். இரண்டாவதில் எடைபோட வேண்டியவர்கள் நாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பையனுக்கு இந்த இரண்டும் சில வார இடைவெளியில் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. முதல் தேர்வுக்கு அவனைப் பன்னிரண்டு ஆண்டுகள் தயார் செய்திருக்கிறோம். இரண்டாவதற்கு ஒரு நாள்கூடத் தயார் செய்ததில்லை. ஆகவே முதலாவதில் வாங்கிய மதிப்பெண்ணையே இரண்டாவதற்கும் விடையாக எழுதிவைத்துவிட்டு அவன் வெளியே வந்துவிடுகிறான்.

சமீபத்தில் ஒரு மே மாதக் கடைசியில், பேச்சிப்பாறை அணைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில், இப்படி ஒரு பையனையும் அவன் தகப்பனாரையும் சந்தித்தேன். தகப்பனார் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகும் வேலை. மழை பெய்தால் வேலை கிடையாது. முன்பே என்னைத் தெரியும் என்பதால் நேராகவே கேட்டார்: "சாரே, இவனுக்கு இஞ்சினியரிங் கிடைக்கும்ணு பள்ளிக்கூடத்துல சொல்லுதாவ. கம்ப்யூட்டரா, சிவிலா, எது கொள்ளாம்ணு நீங்க ஒண்ணு சொல்லணும்." பையன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். தகப்பனார் காசு கொடுக்க எழுந்து போனபோது தணிந்த குரலில் அவன் வேறொரு கேள்வி கேட்டான்: "சாரே, ஹாஸ்டலுக்குப் போனா பொறவு திரும்பி வர முடியுமா?"

லீவு விடும்போதெல்லாம் வரலாமே என்றேன். அவன் தலையை ஆட்டினான். ஆமோதித்த ஆட்டல் அல்ல அது. அவன் கேட்டது பஸ்ஸைப் பற்றி அல்ல என்பது அப்போதே புரிந்தது. எதைப் பற்றி என்பது புரியப் பல நாட்கள் ஆயின.

தகப்பனாரின் கேள்வியை நம் வட்டத்துக்குள் கொண்டுவந்தால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். பொறியியல் என்றாலே நம்மிடையே ஓர் ஏளனம் இருக்கிறது. மத்தியதர வர்க்கத்தின் பேராசை, சந்தைக்குத் தயாராகும் சரக்கு, புத்தகம் தொடாத ஒரு தலைமுறை என்று சில வாக்கியங்களை நிரந்தரமாக வைத்திருக்கிறோம். இவற்றைச் சொல்கிறவர்களில் அநேகர் வங்கியிலோ தபால் இலாகாவிலோ ஆசிரியர் வேலையிலோ மாதச் சம்பளத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டு, மிச்ச நேரத்தில் லௌகீகத்தைக் கண்டித்தவர்கள். நானும் அதில் சேர்த்திதான். நமக்கு ஒரு பாதுகாப்பு வேண்டியிருந்தது, பெற்றுக்கொண்டோம். பால்வெட்டுகிறவரின் மகன் அதையே கேட்கும்போது மட்டும் அது ஆன்மாவை விற்பதாகிவிடுகிறது. நாஞ்சில் நாட்டில் உட்கார்ந்துகொண்டு இந்த ஏளனத்தைச் செய்வது இன்னும் பொருத்தமற்றது. இரணியல் என்ற ஊரைத் 'தலைமுறைகள்' என்ற நாவலாக 1968-ல் தந்த நீல பத்மநாபன் கேரள மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர்.

இந்த இடத்தில் நம்மவர்கள் தாஸ்தாவ்ஸ்கியை அழைத்து வருவார்கள். அவர் 1838-ல் பீட்டர்ஸ்பர்க் ராணுவப் பொறியியல் கழகத்தில் சேர்ந்தது தந்தையின் தீர்மானம். பழைய அரண்மனை ஒன்றில் இருந்த அந்தக் கழகத்திலேயே தங்கிப் படித்தார். 1843-ல் படிப்பை முடித்தார், அடுத்த ஆண்டே உத்தியோகத்தை உதறினார். இந்த வரலாற்றில் நமக்குப் பிடித்தது கடைசி வாக்கியம் மட்டும். என் மனதில் தங்கியிருப்பதோ 1839 மே மாதம் அவர் தந்தைக்கு எழுதிய கடிதம். மற்ற மாணவர்களிடம் இருப்பவை தன்னிடமும் இருக்க வேண்டும், தேநீருக்கும் பூட்ஸுக்கும் ஒரு பெட்டிக்கும் பணம் வேண்டும் என்று கேட்டார். தந்தை பணக்காரர் அல்ல. மறுமாதம் அவர் இறந்துபோனார். விடுதியில் தங்கிப் படித்த எவனுக்கும் இந்தக் கடிதம் அந்நியமாக இருக்காது. சக மாணவன் முன்னால் கூசிப்போகாமல் இருப்பதற்காக வீட்டிலிருந்து பணம் பெயர்க்கும் கடிதம் அது. உத்தியோகத்தை உதறலாம். அந்தக் கடிதத்தை எழுதிய கையை எங்கே கொண்டு உதறுவது? மகன் தனக்கென்று எதையும் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலேயே கடன்பட்டவனாகிவிடுகிறான். இந்தப் பிரச்னையின் ஆரம்பம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

தேர்வைப் பற்றி நாமெல்லாம் படித்த பிரசித்தமான உதாரணம் இந்த ஆரம்பத்தை விட்டுவிட்டது. 1945 அக்டோபரில் பாரீஸில் சார்த்தர் ஆற்றிய உரையில் ஒரு மாணவன் வருகிறான். அண்ணன் 1940-ல் ஜெர்மானியத் தாக்குதலில் இறந்துவிட்டான். தகப்பன் எதிரிக்கு இணங்கிப்போகும் மனோபாவம் உள்ளவன். தாய்க்கு இவன் ஒருவனே ஆறுதல். இங்கிலாந்துக்குப் போய்ச் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா, தாயோடு இருப்பதா? நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்தெடு என்று அனுப்பிவைக்கிறார் சார்த்தர். யாரிடம் யோசனை கேட்பது என்று ஒருவன் முடிவு செய்யும்போதே எப்படிப்பட்ட யோசனை வேண்டும் என்பதையும் அவன் முடிவு செய்துவிட்டான் என்று அவர் காட்டுவது உண்மையிலேயே கூர்மையான அவதானிப்பு. தேநீர்க் கடையில் தகப்பனார் என்னைத் தேர்ந்தெடுத்தார். மகன் தகப்பனார் இல்லாத ஒரு நிமிஷத்தைத் தேர்ந்தெடுத்தான். இருவரும் தங்கள் தங்கள் தேர்வைச் செய்தாகிவிட்டது.

ஆனால் சார்த்தரின் மாணவன் தனியாக வந்தான். அவன் முன்னால் இருந்த இரண்டு வழிகளுக்கும் யாரும் கட்டணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. நம் பையனோடு தகப்பனார் வந்திருக்கிறார், வாங்கப்போகும் கடன் வந்திருக்கிறது, கல்யாணத்துக்கு நிற்கும் அக்காள் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வந்திருக்கிறாள். நீ சுதந்திரமானவன் என்று இவனிடம் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் அதில் ஒரு குரூரம் சேர்ந்துவிடுகிறது. இதற்கு நேர் எதிர்த் திசையில் போய், உனக்குச் சுதந்திரமே இல்லை, உன் வர்க்கம் தீர்மானித்துவிட்டது என்று சொல்வதும் இன்னொரு குரூரம். முன்னது அவன் தோளில் மொத்தப் பாரத்தையும் ஏற்றுகிறது. பின்னது அவனுக்குத் தோள் இருப்பதையே மறுக்கிறது.

இந்தப் பாரம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சென்னையில் 1794-ல் எட்டு மாணவர்களோடு கும்பினியார் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னால் கிண்டிப் பொறியியல் கல்லூரியானது. நிலத்தை அளந்து வரி கணக்கிட ஆள் தேவைப்பட்டது, பள்ளி வந்தது. யாரும் அதை ஒரு மனிதனின் சுயநிர்ணயம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு நெடுங்காலம் பொறியியல் என்றால் 1939-ல் தொடங்கிய திருவனந்தபுரம் கல்லூரி. 1956 நவம்பரில் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. திருநெல்வேலியில் அரசுப் பொறியியல் கல்லூரி வந்தது 1981-ல். 1984 முதல் சுயநிதிக் கல்லூரிகள் வந்தன. அதே ஆண்டு நுழைவுத் தேர்வும் வந்தது. 1997-ல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு. 2007-ல் நுழைவுத் தேர்வு போயிற்று. நடுவில் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டி, சேர ஆளில்லாமல் பல மூடவும்பட்டன.

ஊரில் பத்துப் பேர் இஞ்சினியர் ஆக முடிந்த காலத்தில் அது ஓர் அதிர்ஷ்டம். எவரும் ஆகலாம் என்று ஆன காலத்தில் அது ஒரு நிர்ப்பந்தம். கதவு சாத்தியிருந்தபோது உள்ளே போகாததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. திறந்திருக்கும்போது போகாதவன்தான் காரணம் சொல்ல வேண்டும். இன்றைய பையன் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்கு ஓர் எண்ணாகச் சுருங்கி, திரையின் முன் உட்கார்ந்து கல்லூரிகளை வரிசைப்படுத்துகிறான். அவன் விரல்தான் அழுத்துகிறது. பட்டியலை எழுதியது அவன் அல்ல. தனக்கு முன்னால் வைக்கப்பட்டவற்றை வரிசைப்படுத்துவதும் ஒருவகைத் தேர்வுதான் என்றாலும், பட்டியலில் இல்லாத ஒன்றை நினைத்துப் பார்ப்பதிலிருந்துதான் தேர்வு என்ற அனுபவம் தொடங்குகிறது. நம் பையன் நினைத்துப் பார்த்தான். திரும்பி வருவது என்ற ஒன்று எந்தக் கல்லூரியின் பட்டியலிலும் கிடையாது.

இனி விடுதி. விடுதலை, விடுப்பு, விடுதி எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. வீட்டில் ஒருவனுக்கு இருக்கும் பிடிகள் விடுதியில் விட்டுப்போகின்றன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பதினெட்டு வயதில் சாதி, குலதெய்வம், சித்தப்பாவின் கண் ஆகியவற்றிலிருந்து தப்பி, எங்கிருந்தோ வந்த ஒருவனோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொள்வதில் எவ்வளவு பெரிய விடுதலை இருக்கிறது என்பது அதை அனுபவித்தவனுக்குத் தெரியும். நம் சமூகத்தில் முன்பின் தெரியாதவன் பக்கத்தில் தலைசாய்த்துத் தூங்கும் சந்தர்ப்பம் ரயிலைவிட்டால் விடுதியில்தான்.

ஆனால் விடுதி இந்த விடுதலையைத் தானாகத் தந்துவிடுவதில்லை என்பதை நமக்குப் பக்கத்து மாவட்டமே முன்னொரு காலத்தில் கற்றுக்கொண்டது. வ.வே.சு. ஐயர் 1922-ல் தொடங்கிய குருகுலம் சேரன்மாதேவியில் நடந்தது. தேசத்துக்கு ஒரு புதிய தலைமுறையைச் சேர்ந்து வாழவைத்து உருவாக்குவது அதன் லட்சியம். காங்கிரஸ் பணம் கொடுத்தது, பல சாதியாரும் கொடுத்தார்கள். அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு என்று தெரிந்தபோது 1924, 1925-ல் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பிய எதிர்ப்பு தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிவிட்டது. ஐயர் சொன்ன சமாதானம் அந்தப் பையன்களின் பெற்றோருக்குத் தாம் வாக்குக் கொடுத்துவிட்டதாக. அவரை நான் கபடர் என்று நினைக்கவில்லை. அவருடைய தவறு அதைவிட ஆழமானது. தாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் யார் என்ற கேள்விக்கு அவர் கொடுத்த விடை இரண்டு பெற்றோர்களோடு நின்றுவிட்டது. சேர்ந்து உட்கார முடியாமல் போன மற்றப் பையன்கள் அந்த விடைக்குள் வரவில்லை. அவர்களுக்கு யாரும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை, ஆகவே அவர்களிடம் வாக்குத் தவறியதாகவும் ஆகவில்லை. இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடம் ஒன்றில் சைவக்காரர்களுக்கும் அசைவக்காரர்களுக்கும் தனித்தனி வாசலும் கைகழுவும் இடமும் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டு, எதிர்ப்பு வந்தபின் எடுக்கப்பட்டது.

விடுதியின் மறுபக்கமும் உண்டு. யாரும் கேட்கமாட்டார்கள் என்ற இடத்தில் மனிதன் என்னவெல்லாம் செய்வான் என்பதும் அங்கே தெரிந்துபோகிறது. 1996-ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழக விடுதியில் முதலாண்டு மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அது உச்சம். அன்றாடத்தில் நடப்பது சத்தமில்லாதது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டியதில்லை. சோறு மணி அடித்தால் வரும். சமைத்தவர் பெயர் தெரிய வேண்டியதில்லை. கழிவறையை யாரோ கழுவியிருப்பார்கள். நான்கு ஆண்டுகள் இப்படி இருந்துகொண்டு நீரியலும் கட்டுமானமும் படிக்கிறான். சென்னை ஐ.ஐ.டி.யின் விடுதிகளுக்கு நதிகளின் பெயர் வைத்திருக்கிறார்கள்: காவேரி, கிருஷ்ணா, கோதாவரி, பம்பா, தாமிரபரணி. கோதையாற்றின் கரையில் பிறந்த பையன் அங்கே போய்த் தாமிரபரணியில் குடியிருக்கலாம். அந்தத் தாமிரபரணியில் வெள்ளம் வராது, வறட்சி வராது, கடைவரம்பு விவசாயி வந்து நின்று சண்டை போடமாட்டான்.

பேச்சிப்பாறையில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர் அப்படிப்பட்ட விஷயம் அல்ல. அணையின் மட்டம் நாற்பத்தெட்டு அடிக் கணக்கில் இன்று எத்தனை என்பது ஊரின் பேச்சு. கன்னிப்பூச் சாகுபடிக்கு ஜூனில் திறப்பார்களா, தள்ளிப்போடுவார்களா என்பது தோவாளைச் சானல் கடைசிவரை பரவும் கவலை. திறந்துவிடுகிறவர் யார், பூட்டுகிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். தவறு நடந்தால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்பதும் தெரியும்.

இந்த அணையின் பக்கத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897-ல் தொடங்கி 1906-ல், சுமார் 26 லட்சம் ரூபாய்ச் செலவில் கோதையாற்றின் குறுக்கே இதைக் கட்டி முடித்த ஐரோப்பியப் பொறியாளர் மிஞ்சின் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார். ஊர் அவருக்கு மூக்கன் துரை என்று பெயர் வைத்தது. தான் கட்டியதன் அருகிலேயே படுத்துக்கொண்ட பொறியாளன் என்ற படிமம் வெகுகாலமாக என்னைக் கவர்ந்திருந்தது. எங்கோ கடல் கடந்து படித்தவர், இந்தக் காட்டில் தங்கி, இந்த ஊர் வைத்த கேலிப் பெயரை ஏற்று, இந்த மண்ணிலேயே முடிந்தார். பையனின் கேள்விக்கு இவரைத்தான் முதலில் பதிலாக நினைத்தேன். படித்துவிட்டு எங்கே போகிறாய் என்பது முக்கியமில்லை. உன் கணக்கு பிசகினால் மூழ்கப்போகிறவர்களோடு நீயும் குடியிருக்கிறாயா என்பதுதான் முக்கியம். பொறியாளனின் தார்மீகம் வசிப்பிடத்தில் இருக்கிறது. இப்படி ஒரு கட்டுரை எழுதி முடிக்கும் உத்தேசம் இருந்தது.

கல்லறையிலிருந்து நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்தக் கட்டுரை கலைந்தது. எதிர்க் கரையில் தொடங்குகிறது காணிக்காரர்களின் மலை. இந்தக் காடுகளில் அணைக்கு முன்பிருந்தே வாழ்ந்தவர்கள் அவர்கள். இன்று மோதிரமலை, தச்சமலை என்று மேலே சிதறிக் கிடக்கின்றன அவர்களுடைய குடியிருப்புகள். நீர் ஏறிய பிறகு, நடந்து போன தூரத்தைப் படகில் கடக்க வேண்டியதாயிற்று. அணைத் தண்ணீர் பாய்வது கீழே நெல்வயல்களுக்கு. மேலே இருந்தவர்களிடம் யாராவது சம்மதம் கேட்டிருப்பார்கள் என்று நம்ப அந்தக் காலத்து ராஜ்யபாரத்தைப் பற்றி நாம் அறிந்தது எதுவும் இடம் தரவில்லை. மிஞ்சின் பக்கத்திலேயேதான் வசித்தார். வசித்ததால் அவர் காணிக்காரர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகிவிடவில்லை. மகாராஜாவுக்குப் பதில் சொன்னார், நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பதில் சொன்னார். ஐயரின் குருகுலத்தைப் போலவே இங்கும் விடை ஒரு எல்லையில் நின்றுவிட்டது.

ஆக, பக்கத்தில் வசிப்பது போதாது. தூரத்தில் வசிப்பது குற்றமும் ஆகாது. தன் வேலையால் பாதிக்கப்படுகிறவன் தன்னிடம் வந்து கேட்க முடியுமா, கேட்டால் தனக்கு அது காதில் விழுமா என்பதுதான் விஷயம். வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவனிடம் இந்தச் செவி இருக்கலாம். ஊரிலேயே பங்களா கட்டிக்கொண்டவனிடம் இல்லாமல் போகலாம். கணினியா கட்டுமானமா என்ற கேள்வியும் இதற்குப் பிறகுதான் வருகிறது. எந்தத் துறையையும் இந்தச் செவியோடு படிக்கலாம், செவியை அடைத்துக்கொண்டும் படிக்கலாம். விடுதி வாழ்க்கையைப் பற்றி எனக்குள்ள பயம் அது ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்பதல்ல. எவருக்கும் பதில் சொல்லாமல் சௌகரியமாக இருக்க முடியும் என்பதை இளம் வயதில் நான்கு ஆண்டுகள் நிரூபித்துக் காட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு சௌகரியத்தைத்தான் மனிதன் வாழ்க்கை என்று எண்ணத் தொடங்குகிறான்.

இவ்வளவையும் யோசித்து முடித்து, ஓரளவு திருப்தியுடனேயே மறுபடி அந்தப் பையனைப் பார்க்கப் போனேன். தகப்பனார் வேலைக்குப் போயிருந்தார். பையன் திண்ணையில் உட்காரச் சொன்னான். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. அவன் தாத்தா கண்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவராக வந்தவர். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினரை இந்த மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். அங்கே லயத்தில் பிறந்து வளர்ந்தவர், இங்கே தோட்டத்துக் குடியிருப்பில் முடிந்தார். தகப்பனாருக்கும் அதே வீடுதான். வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்துகொடுக்க வேண்டும். இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. பையனின் படிப்புக்கு நான்கு.

"அதுதான் சாரே கேட்டேன். நான் படிச்சு முடிக்கையில வாறதுக்கு இந்த வீடு இருக்காதுல்லா."

நான் வேர்களைப் பற்றியும் அந்நியமாதலைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்டது சுவரும் கூரையும் உள்ள வீட்டைப் பற்றி. மூன்று தலைமுறையாக இந்தக் குடும்பம் விடுதியில்தான் வாழ்ந்திருக்கிறது. வேலை கொடுத்தவன் கொடுத்த கூரை, வேலை முடிந்தால் விட்டுவிட வேண்டிய கூரை. 'தாயகம் திரும்பியோர்' என்று சர்க்கார் பெயர் சூட்டியது அவன் தாத்தாவுக்கு. அவரோ அதற்கு முன் இந்த மண்ணைக் கண்ணால் பார்த்ததில்லை. திரும்புதல் என்ற சொல் அந்த வீட்டில் புழங்கும் அர்த்தமே வேறு. பொறியியல் விடுதிக்குப் போவது நம் பையன்களுக்கு வீட்டிலிருந்து விடுதிக்கு. இவனுக்கு ஒரு விடுதியிலிருந்து இன்னொன்றுக்கு.

அப்படிப் பார்த்தால் தகப்பனாரின் கேள்வியும் நான் நினைத்த அளவுக்குச் சாதாரணமானதல்ல. எது கொள்ளாம் என்று அவர் கேட்டபோது, மூன்றே ஆண்டுகளில் ஒரு கூரையைச் சம்பாதித்துத் தரக்கூடிய படிப்பு எது என்று கேட்டிருக்கிறார். அதில் பேராசை எங்கே இருக்கிறது? தன் பங்குக்கு மகனைத் தேர்ந்தெடுக்க விடாமல் செய்கிறாரே என்று அவர்மேல் எனக்கு உள்ளூர இருந்த மனத்தாங்கல் அந்தத் திண்ணையில் கழன்று விழுந்தது.

கடன் விஷயத்தில் மட்டும் ஒரு நல்ல செய்தி இருந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித உள்ஒதுக்கீடு 2021-ல் பொறியியலுக்கும் வந்தது. அதில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அதே ஆண்டு அறிவித்தார்கள். இவன் அரசுப் பள்ளியில் படித்தவன். தேநீருக்கும் பூட்ஸுக்கும் தகப்பனுக்குக் கடிதம் எழுத வேண்டிய அவசியம் ஓரளவு குறைந்துவிட்டது. இது சலுகை என்று சிலர் முகம் சுளிப்பதை அறிவேன். நான் இதை ஒரு கடனின் இடமாற்றம் என்றே பார்க்கிறேன். தகப்பனுக்குப் பட்ட கடனில் பாசம் இருக்கிறது. கூடவே ஒரு விலங்கும் இருக்கிறது. அதைத் தீர்க்கப் பணம் அனுப்பினால் போதும் என்று ஆகிவிடுகிறது, போதவும் மாட்டேன் என்கிறது. ஊரார் வரியில் சாப்பிட்ட சோற்றுக்குப் பட்ட கடனோ எந்தத் தனி மனிதனும் வந்து கேட்காத கடன். கேட்க ஆளில்லாத கடனை நினைவில் வைத்திருப்பதுதான் தார்மீகத்தின் மிகக் கடினமான பாடம். மேலே மலையில் படகுக்குக் காத்து நின்ற பிள்ளைகளும் அந்தக் கடன்காரர்களில் சேர்த்தி. அவர்களுக்கும் அவனுக்கும் ஒரே பஸ்தான்.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேனா? பெரும்பாலும் இல்லை. மூக்கன் துரையின் கல்லறையை அவன் பலமுறை பார்த்திருக்கிறான், அதன்மேல் உட்கார்ந்து மாங்காய் தின்றிருக்கிறான். காணிப் பையன்கள் அவனோடு படித்தவர்கள். நான் புத்தகத்தில் தேடியவை அவன் வகுப்பில் உட்கார்ந்திருந்தன. ஒன்று மட்டும் சொன்னேன். "வீடு இருக்காது. ஊர் இருக்கும். அங்க போய் என்ன படிச்சாலும், ஊர்லேருந்து ஒருத்தன் வந்து 'இது ஏன் இப்படி'ன்னு கேட்டா, பதில் சொல்லுற மாதிரி படி." அவனுக்கு அது திருப்தியான பதிலாக இருந்ததாகத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

இரண்டு நாள் கழித்துத் தகப்பனார் போன் செய்தார். பையன் சிவில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறானாம். கம்ப்யூட்டர் என்றால் சீக்கிரம் சம்பளம் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். "சார் என்ன சொன்னிய அவன்கிட்ட?" குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. மூன்று ஆண்டுகளில் காலி செய்ய வேண்டிய வீட்டிலிருந்து ஒருவர் கேட்கும் கேள்வி அது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனாகவே தேர்ந்தெடுத்தான் என்று சொல்லியிருக்கலாம். சார்த்தர் அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார். எனக்கு வாய் வரவில்லை. அவன் வந்தது என்னிடம். நான் சொன்ன ஒரு வாக்கியம் அவன் தேர்வுக்குள் எங்கோ கிடக்கிறது. அவன் படித்து முடிப்பதற்கும் அவர் வீட்டைக் காலி செய்வதற்கும் இடையில் உள்ள அந்த ஓர் ஆண்டுக்கு நானும் பொறுப்பாகிவிட்டேன்.

"நேர்ல வாறேன்" என்று மட்டும் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேச்சிப்பாறைக்குப் போக வேண்டும். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.